மண்ணும் அச்சமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கியும், பேச்சின் இடையே வந்த கிளைச் செய்திகளை நீக்கியும் தரப்படுகிறது.)



மண்ணாசை காரணமாக ஓர் அரசன் மற்றோர் அரசன்மேல் படையெடுத்துச் செல்லுவதை நம் இலக்கண நூலார் வஞ்சித் திணை என்று வகுத்தார்கள். அந்தப் போரில் இரண்டு வேந்தர் உண்டு, இரண்டு படை உண்டு, முடிவில் ஒருவர் திறை கொடுப்பதும் ஒருவர் திறை கொள்வதும் உண்டு. உழுகின்ற குடியானவனோ, கொடி மாறினாலும் பெரும்பாலும் தன் பழைய வயலையே அடுத்த பருவத்திலும் உழுதுகொண்டிருந்தான். அரசர்கள் மறைந்து, ஜனசமூகங்களே மண்ணுக்கு உரிமை கொண்டாடத் தொடங்கிய பிற்காலத்தில், போரின் இலக்கணமே மாறிவிட்டது. தோற்ற அரசன் தன் தலைநகருக்குத் திரும்பிவிடலாம். தோற்ற ஜனசமூகம் எங்கே திரும்பும்? அதன் வீடும் கோயிலும் இடுகாடும், குழந்தைகள் படிக்கும் பள்ளியும் அந்த மண்ணிலேதான் இருக்கின்றன. வென்றவனும் அடுத்த தெருவில் வந்து குடியேறிவிடுகிறான். இந்த நிலைமைக்கு நம் பழைய நூல்கள் திணைப் பெயர் எதுவும் இடவில்லை.

ஒரே மண்ணுக்காக வழக்காடும் இரண்டு மக்கள் என்றேனும் அமைதியாகச் சேர்ந்து வாழ முடியுமா என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். அன்பு இருந்தால் எல்லாம் கைகூடும் என்பார் ஒரு சாரார். சரித்திரத்தில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை, ஒரு பக்கம் வென்றால்தான் ஓய்வு என்பார் மற்றொரு சாரார். முப்பது ஆண்டுகள் சரித்திரம் போதித்தவன் என்ற முறையில், இவ்விரண்டு விடைகளும் எனக்குத் திருப்தி அளித்ததில்லை. மண்ணைப் பற்றிய வழக்கு என்று நாம் அழைப்பவற்றுள் பெரும்பாலானவை, உள்ளே புகுந்து பார்த்தால், அச்சத்தைப் பற்றிய வழக்குகளே என்பது என் துணிபு. நம் எண்ணிக்கை கரைந்துவிடுமோ, நம் பிள்ளைகள் வேறு பாஷை பேசுவார்களோ, நம் ஊரிலே நமக்கு வீடும் வேலையும் இல்லாமற் போகுமோ என்ற அச்சத்திற்குச் சட்டத்தால் உறுதியான ஒரு கரை கட்டிவிட்டால், மண் யாருடையது என்ற கேள்வி தீராமலேயே மக்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்துவிட இயலும். இதை ஒரு நாட்டின் கதையைக் கொண்டே நிறுவ விரும்புகிறேன்.

1. ஆல்ப்ஸ் மலையின் தெற்குச் சரிவில், ஏறக்குறைய 7,400 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஐந்து லட்சம் மக்களும் உடைய சிறு பிரதேசம் தென் டைரோல். பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டமும் திராட்சைக் கொடியும், அதற்கு மேலே மாடு மேயும் புல்வெளியும், அதற்கும் மேலே பனியுமாக அடுக்கடுக்காய் அமைந்த அந்நாடு, பல நூற்றாண்டுகள் ஆஸ்திரிய முடியாட்சியின் கீழ் இருந்தது. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்கு 89 பேர் ஜெர்மன் மொழி பேசினார்கள். இத்தாலிய மொழி பேசியவர்கள் 3 பேர் அளவே. மலையிடுக்குகளில் லதீன் என்னும் பழைய சிறு மொழி பேசுவோர் எஞ்சியிருந்தார்கள். 1915 ஏப்ரலில் லண்டனில் இரகசியமாகக் கையெழுத்தான உடன்படிக்கை ஒன்று, இத்தாலி நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்குவதற்கு விலையாக, பிரென்னர் கணவாய் வரையுள்ள நிலத்தை அதற்கு வாக்களித்தது. போர் முடிந்தபின், 1919 செப்டம்பரில், சான் ஜெர்மேன் உடன்படிக்கை அந்த வாக்கை நிறைவேற்றிற்று. மலைமுகட்டில் நீர் இருபுறமும் பிரிந்தோடும் கோடே இத்தாலியின் இயற்கை எல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தவர்கள், அங்கே வாழ்பவர்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

எல்லை மாறியது மட்டுமே குறையாக இருந்திருந்தால், காலம் அதை ஆற்றியிருக்கவும் கூடும். முசோலினியின் ஆட்சி அந்த வாய்ப்பையும் போக்கியது. 1923 முதல் பள்ளிகளிலிருந்து ஜெர்மன் மொழி அகற்றப்பட்டது. எத்தோரே தொலொமேய் என்பவர், ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் மலைகளுக்கும் ஆயிரக்கணக்கில் இத்தாலியப் பெயர்களை முன்கூட்டியே ஆக்கி வைத்திருந்தார். அவையே அரசாங்கப் பெயர்கள் ஆயின. ஸ்டெர்ட்சிங் என்று தலைமுறை தலைமுறையாக வழங்கிய ஊர் விப்பிதேனோ ஆயிற்று. 1927-இல் கல்லறைகளில் ஜெர்மன் மொழியில் எழுதுவதும் தடுக்கப்பட்டது. உயிரோடு இருப்பவன் பெயரை மாற்றுவதைக் கொடுங்கோன்மை என்று சொல்லலாம். இறந்தவன் தலைமாட்டில் அவன் தாய்மொழி நிற்கலாகாது என்பதை என்னவென்று சொல்லுவது? மிக்கேல் காம்பர் என்ற பாதிரியாரின் முயற்சியால், நிலவறைகளிலும் பரண்களிலும் பண்ணை வீடுகளின் பின்கட்டுகளிலும் குழந்தைகளுக்கு இரகசியமாக எழுத்துக் கற்பிக்கப்பட்டது. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வழிபட்ட சுரங்கங்களின் பெயரால் அவற்றைக் ‘கட்டக்கோம்பு’ப் பள்ளிகள் என்று இன்றும் அங்கே வழங்குகிறார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த இளம்பெண்கள் பலர் அதற்காகச் சிறைத் தண்டனை அடைந்தார்கள்.

இதற்கிடையே, 1930-களின் நடுவில், தலைநகராகிய போல்ட்சானோவில் ஒரு பெரிய தொழிற்பேட்டை அமைத்து, தெற்கேயிருந்து இத்தாலியத் தொழிலாளர் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அரசாங்கம் குடியேற்றிற்று. வந்தவர்கள் ஏழைகள், பிழைப்புத் தேடி வந்தவர்கள், யாருடைய மண்ணையும் பறிக்க வேண்டும் என்று நினைத்து வந்தவர்கள் அல்லர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய பேரர்களுக்கு இன்று அந்த ஊரைத் தவிர வேறு ஊர் கிடையாது.

2. இரண்டு மக்களையும் பிரித்துவிட்டால் வழக்குத் தீரும் என்பது மிகப் பழைய யோசனை. 1923-இல் லோசான் ஒப்பந்தத்தின்படி கிரேக்கர்களும் துருக்கியர்களும் பரிமாறிக்கொள்ளப்பட்டதையும், 1947-இல் பஞ்சாபில் நேர்ந்ததையும் நீங்கள் அறிவீர்கள். தென் டைரோலிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 1939 ஜூனில் ஹிட்லரின் அரசாங்கமும் முசோலினியின் அரசாங்கமும் பெர்லினில் கூடி, ஜெர்மன் மொழி பேசுவோர் அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தன. மொழி வேண்டுமானால் ஊரை விட்டு ஜெர்மன் ராஜ்யத்திற்குப் போகவேண்டும். ஊர் வேண்டுமானால் மொழியை மறந்து இத்தாலியராக இருக்கவேண்டும். இருப்பவர்களைச் சிசிலித் தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற வதந்தியும் பரப்பப்பட்டது. நூற்றுக்கு 86 பேர் அளவில் போவதாக எழுதிக்கொடுத்தார்கள். இருப்போம் என்றவர்களைத் துரோகிகள் என்றார்கள். காம்பர் பாதிரியாரே அந்தச் சிறுபான்மையில் ஒருவர். ஒரே வீட்டில் அண்ணன் போகிறேன் என்று எழுத, தம்பி இருக்கிறேன் என்று எழுதியதும், அதன்பின் ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாததும் அங்கே நடந்தன. உண்மையில் ஊரை விட்டுச் சென்றவர்கள் ஏறக்குறைய 75,000 பேர்; போர் முடிந்தபின் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள்.

பிரித்தல் அந்த வழக்கைத் தீர்க்கவில்லை. அதுவரை இத்தாலியருக்கும் ஜெர்மானியருக்கும் இடையே இருந்த பகையை, ஜெர்மானியர் வீட்டுக் கூடத்திற்குள்ளேயே அது கொண்டுவந்து சேர்த்தது.

3. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள், பாரிஸ் நகரில், இத்தாலியப் பிரதமர் அல்சீதே தெ காஸ்பெரியும் ஆஸ்திரிய வெளிநாட்டு அமைச்சர் கார்ல் குரூபரும் மிகச் சிறிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். காஸ்பெரி, பழைய ஆஸ்திரியப் பேரரசின் பிரஜையாகப் பிறந்து, வியன்னா பாராளுமன்றத்தில் இத்தாலியரின் பிரதிநிதியாக அமர்ந்தவர். தாமே ஒருகாலத்தில் மொழிச் சிறுபான்மையாக இருந்து பார்த்தவர். தாய்மொழிக் கல்வி, அரசாங்க அலுவலகங்களில் இரு மொழிக்கும் சமத்துவம், உத்தியோகங்களில் நியாயமான பங்கு, சுயாட்சி ஆகிய யாவும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தன. ஆயினும் 1948-இல் சட்டம் இயற்றியபோது, அந்தச் சுயாட்சியைத் தென் டைரோலுக்கு மட்டும் தராமல், பெரும்பாலும் இத்தாலியர் வாழும் திரெந்தோவையும் அதனுடன் சேர்த்து ஒரே மண்டலம் ஆக்கினார்கள். சேர்த்த மாத்திரத்தில் ஜெர்மன் மொழியினர் அந்த மண்டலத்திலும் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். கதவைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்டதற்கு ஒப்பான செய்கை அது.

1957 இலையுதிர் காலத்தில், போல்ட்சானோவில் 5,000 குடியிருப்புகள் கட்டப் பணம் ஒதுக்குவதாக ரோமாபுரி அரசாங்கம் அறிவித்தது. வீடு கட்டுவது நல்ல காரியந்தான். ஆனால் அந்த வீடுகளில் யார் குடியேறுவார்கள் என்பதை முன் அனுபவத்தால் அறிந்திருந்த ஜெர்மன் மொழியினர், அதைத் தம் எண்ணிக்கையைக் கரைக்கும் உபாயமாகவே கண்டார்கள். நவம்பர் 17-ஆம் நாள், சிக்முண்ட்ஸ்க்ரோன் என்னும் பாழடைந்த கோட்டையில் ஏறக்குறைய 35,000 பேர் கூடினார்கள். அவர்கள் முன் நின்று பேசியவர் சில்வியுஸ் மாஞாகோ: இத்தாலிய மொழி பேசும் தந்தைக்கும் ஜெர்மன் மொழி பேசும் தாய்க்கும் பிறந்தவர், கிழக்குப் போர்முனையில் ஒரு காலை இழந்து, ஊன்றுகோலோடு நடந்த மெலிந்த வழக்கறிஞர். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது, ரோமையே விட்டு விலகுவோம் என்ற முழக்கத்தை எதிர்பார்த்தது. திரெந்தோவிலிருந்து விலகுவோம் என்ற அளவோடு மாஞாகோ கோரிக்கையை நிறுத்திக்கொண்டு, கூட்டம் அமைதியாகக் கலையும் என்று அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த வாக்கையும் காப்பாற்றினார். எல்லையைத் தொடாமல் ஆட்சியை மட்டும் கேட்ட அந்தக் கோரிக்கையில்தான், பின்னால் வந்த அமைதி முழுவதும் விதையாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இவ்விடத்தில் நமக்கு நெருங்கிய வேறொரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அதே 1957-ஆம் ஆண்டு, ஜூலை 26-ஆம் நாள், இலங்கையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். குடியேற்றத் திட்டங்களில் யாருக்கு நிலம் அளிப்பது என்பதைப் பிரதேச சபைகள் தீர்மானிக்கும் என்பது அதன் முக்கியமான விதிகளுள் ஒன்று. அங்கும் வழக்கின் வேர், குடியேற்றத்தால் எண்ணிக்கை கரையும் என்ற இதே அச்சந்தான். 1958 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஒன்பது மாதங்கூட அது நிலைக்கவில்லை. பின்னர் நேர்ந்தவை இந்த அவையில் யாரும் அறியாதவை அல்ல.

4. 1960-இல் ஆஸ்திரிய வெளிநாட்டு அமைச்சர் புரூனோ கிரைஸ்கி இந்த வழக்கை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றார். இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டும் என்று பொதுச்சபை தீர்மானித்தது. 1961 ஜூன் 11-ஆம் நாள் இரவு, மின்கம்பிகளைத் தாங்கும் இரும்புக் கோபுரங்கள் முப்பதுக்கு மேற்பட்டவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உயிர்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று எண்ணித் தொடங்கியவர்களின் வெடி ஒன்றினால், மறுநாள், சாலைப் பணியாளர் ஒருவர் மாண்டார். நோக்கம் எதுவாயினும் வெடிமருந்துக்கு ஆளைத் தெரியாது. கைதானவர்களில் பலர் காவலில் சித்திரவதைக்கு உள்ளானார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் கொலைகளும் நடந்தன. அந்த இரவுதான் ரோமாபுரியைப் பேச வைத்தது என்று வாதிப்பவர்கள் உண்டு. பேச்சு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதையும், குண்டுகள் பேச்சு நடத்தியவர்களின் தலைமேலும் தொங்கிக்கொண்டிருந்தன என்பதையும் அவர்கள் நினைக்க வேண்டும்.

அந்த ஆண்டே இத்தாலிய அரசாங்கம் 19 பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது: இத்தாலியர் 11 பேர், ஜெர்மன் மொழியினர் 7 பேர், லதீன் மொழியினர் ஒருவர். மூன்றாண்டுகள் அவர்கள் ஒவ்வொரு விஷயமாக உட்கார்ந்து பேசினார்கள். உரிமை என்ற பெரிய சொல்லை விட்டுவிட்டு, வீடு கட்டும் அதிகாரம் யாருக்கு, தபால் நிலைய உத்தியோகம் யாருக்கு என்று கேட்கத் தொடங்கியபோது, தீரமாட்டாது என்று நினைத்தவற்றுள் பல தீர்ந்தன. முடிவில் 137 விதிகள் கொண்ட ஒரு தொகுப்பு உருவாயிற்று. 1969 நவம்பரில் மெரான் நகரில், ஜெர்மன் மொழியினரின் கட்சி மாநாடு அதை ஏற்பதா என்று நள்ளிரவு கடந்தும் விவாதித்தது. ஏற்கலாம் என்று வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 53 பேர் அளவே. இன்று உலகம் புகழும் ஓர் அமைதி, அன்றிரவு அத்தனை மெல்லிய இழையில் தொங்கிற்று. இரண்டாவது சுயாட்சிச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது.

5. இனி அந்தச் சட்டம் அச்சத்திற்கு எவ்வாறு கரை கட்டிற்று என்பதைப் பார்ப்போம். சட்ட நுணுக்கம் சலிப்பூட்டும் என்று மாணவர்கள் நினைக்கலாம். என் சொற்பொழிவின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

தென் டைரோல் மாகாண வாக்குரிமைக்கு நான்கு ஆண்டு இடைவிடாத வாசம் வேண்டும் என்று விதித்தார்கள். ஆகவே தேர்தலுக்காக ஆட்களைக் குடியேற்றிப் பயனில்லை. வீட்டு வசதி மாகாணத்தின் அதிகாரத்திற்கு வந்தது. ஆகவே வீடு கட்டுவது இனி ஆயுதம் ஆகாது. அரசாங்க உத்தியோகங்களை, ஒவ்வொரு மொழியினரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடவேண்டும் என்று 1976-இல் ஆணை பிறந்தது. அதற்கு முன் ரயில்வேயிலும் தபாலிலும் நீதிமன்றத்திலும் ஜெர்மன் மொழியினர் மிகச் சிலரே. அந்த உத்தியோகங்களுக்கு வருபவர் எம்மொழியினராயினும், இரண்டு மொழியிலும் பரீட்சை தேறியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கு அவரவர் தாய்மொழியிலே, அந்த மொழியையே தாய்மொழியாக உடைய ஆசிரியர்களைக் கொண்டு கல்வி. அங்கே வசூலாகும் வரியில் பத்தில் ஒன்பது பங்கு அளவு அந்த மாகாணத்திற்கே திரும்புகிறது.

இதுவரை சொன்னவை ஜெர்மன் மொழியினரின் அச்சத்திற்குப் பரிகாரம். இவற்றோடு நின்றிருந்தால் அந்தச் சட்டம் பாதியிலே முறிந்திருக்கும். ஏனெனில் 1972-க்குப் பின் அச்சம் மறைந்துவிடவில்லை, வீடு மாறிற்று. மாகாணத்தில் இப்போது சிறுபான்மையாக நின்றவர்கள் இத்தாலியர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடைக்காது, தாங்கள் சொந்த நாட்டிலே விருந்தாளிகள் ஆகிவிட்டோம் என்ற மனக்குறை அவர்களிடம் வளர்ந்தது. 1985 நகரசபைத் தேர்தலில், போல்ட்சானோவில், முசோலினியின் வழிவந்த கட்சியே முதலிடம் பெற்றது. அவமானமுற்றதாக எண்ணும் எந்த மக்களும் இப்படித்தான் நடந்துகொள்வார்கள். அதற்காக அவர்களை இகழ்வதில் பயனில்லை.

சட்டம் இதற்கும் முன்கூட்டியே இடம் வைத்திருந்தது. மாகாண மந்திரிசபையில் இத்தாலியருக்கும் பங்கு உண்டு. ஒரு சட்டம் தம் மொழியினரின் சமத்துவத்தைப் பாதிக்கிறது என்று சட்டசபையிலுள்ள ஒரு மொழிப் பிரிவினர் கருதினால், அந்தச் சட்டத்தின்மேல் மொழிவாரியாகத் தனி வாக்கெடுப்புக் கேட்கலாம். பெரும்பான்மை அதை மதியாமல் நிறைவேற்றினால், அரசியலமைப்பு நீதிமன்றத்திற்குச் செல்லலாம். வரவு செலவுத் திட்டத்தையும் அவ்வாறே பிரித்து வாக்கெடுக்கக் கோரலாம். விகிதாசாரப் பங்கீடும் அவர்களுக்குரிய நாலில் ஒரு பங்கை அவர்களுக்கே உறுதி செய்கிறது. சுயாட்சிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளை ஆராய்வதற்கு, அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் அந்தப் பிரதேசத்தின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் குழு இருக்கிறது. அங்கே ஒருவரை ஒருவர் எண்ணிக்கையால் வெல்ல வழியில்லை, பேசியே தீரவேண்டும்.

2011 கணக்கெடுப்பில் ஜெர்மன் மொழியினர் நூற்றுக்கு 69 பேர், இத்தாலியர் 26 பேர், லதீன் மொழியினர் 4 அல்லது 5 பேர். ஏறக்குறைய நூறாண்டுகளின் கொந்தளிப்புக்குப் பின், எந்தத் தரப்பும் கரைந்துபோகவில்லை.

6. ஒரே உதாரணத்தைக் கொண்டு பேசுகிறான் என்று யாரும் எண்ணாதபடி, இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே கடலிலே சிதறிக் கிடக்கும் ஓலந்துத் தீவுகளின் மக்கள் சுவீடன் மொழி பேசுகிறவர்கள். 1917-இல் பின்லாந்து சுதந்திரம் அடைந்தபோது, தங்களைச் சுவீடனோடு சேர்க்கவேண்டும் என்று ஏறத்தாழ எல்லோரும் விண்ணப்பித்தார்கள். 1921 ஜூனில் சர்வதேச சங்கம், தீவுகள் பின்லாந்துக்கே உரியவை என்று தீர்ப்பளித்தது. கூடவே, அங்கே மொழியும் நிலமும் காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. இன்றும் அந்தத் தீவுகளில் ‘ஊருரிமை’ பெற்றவர்களே பொதுவாக நிலம் வாங்க முடியும். வெளியிலிருந்து வந்து குடியேறுபவர் அதைப் பெற ஐந்தாண்டு வாசமும் சுவீடன் மொழியறிவும் வேண்டும். தீவுகளில் படைகள் நிறுத்தலாகாது. தோற்றது என்னவோ சுவீடனும் தீவு மக்களுந்தான். ஆனால் வென்ற பின்லாந்து, தன் வெற்றியின் கனியைத் தோற்றவர்களுக்கே பகிர்ந்து கொடுக்கும்படி ஆயிற்று. 1920-இல் இராஜத்துரோகக் குற்றம் சாட்டிப் பின்லாந்து அரசாங்கம் கைது செய்த இரு தலைவர்களுள் யூலியுஸ் சுண்ட்ப்லூம் என்பவர், 1922-இல், ஓலந்துச் சட்டசபையின் முதல் சபாநாயகர் ஆனார். கார்ல் பியோர்க்மன் என்ற மற்றவர் தீவு அரசாங்கத்தின் முதல் தலைவர் ஆனார்.

7. இந்த அமைதிக்குக் கொடுத்த விலையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தென் டைரோலில் ஜெர்மன் குழந்தையும் இத்தாலியக் குழந்தையும் வேறு வேறு பள்ளிகளில் படிக்கின்றன. கணக்கெடுப்பின்போது ஒவ்வொருவரும் தாம் எந்த மொழியினர் என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. தாய் ஒரு மொழியும் தந்தை ஒரு மொழியுமாக உள்ள வீட்டுப் பிள்ளை எதை எழுதும்? அலெக்சாண்டர் லாங்கர் என்ற அந்நாட்டுச் சான்றோர், மக்களை இப்படிக் கூண்டு கூண்டாக அடைக்கலாகாது என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். தாம் எம்மொழியினர் என்று எழுதிக்கொடுக்க மறுத்தார். அந்த மறுப்பின் காரணமாகவே, 1995-இல், போல்ட்சானோ நகர மேயர் தேர்தலில் நிற்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலையில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஐரோப்பாவின் வேறொரு மூலையில், போஸ்னியாவில், சேர்ந்து வாழ்ந்த மக்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த காலம் அது.

லாங்கர் சொன்னதே முடிவான உண்மை என்று என் இதயம் சொல்லுகிறது. ஆயினும் அவர் விரும்பிய திறந்த வெளிக்கு வருவதற்கு முன், மக்கள் கரைகளுக்குள் பத்திரமாகச் சில தலைமுறைகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று என் அறிவு சொல்லுகிறது. இவ்விரண்டையும் நான் இன்றுவரை சமாதானப்படுத்த முடியவில்லை. அவையோர் முன் அப்படியே வைக்கிறேன்.

8. அவையில் எழக்கூடிய ஓர் ஆட்சேபம். தென் டைரோல் செல்வம் கொழிக்கும் பிரதேசம். வயிறு நிறைந்தவர்கள் சண்டையிட மாட்டார்கள். பாலஸ்தீனம் போன்ற இடங்களுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். செல்வம் பின்னால் வந்தது. 1950-களில் அங்கே பிழைப்பின்றி இளைஞர்கள் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆட்சேபத்தில் உண்மையான பகுதி வேறு: அங்கே சிந்திய இரத்தம் மிகக் குறைவு, ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு நாடு காவலாக இருந்தது, அந்த இரு நாடுகளும் சட்டத்திற்குக் கட்டுப்பட்ட குடியரசுகள். இவை இல்லாத இடத்தில் காரியம் பன்மடங்கு கடினம். ஆனால் கடினமான இடத்திலும் மக்கள் அஞ்சுவது இதே வீட்டுக்கும் பள்ளிக்கும் பெயருக்குமாகத்தான் இருக்கிறது. ஒலிவ மரத்தை இழந்தவனிடம் உன் தாத்தனுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள் தெரியுமா என்று கேட்பதும், அடைக்கலம் தேடி வந்தவனிடம் நீ வந்த கப்பலிலேயே திரும்பிப் போ என்று சொல்வதும், இருவருக்கும் அச்சத்தை வளர்க்குமேயன்றி ஒரு சாண் மண்ணின் வழக்கையும் தீர்க்கமாட்டா. யார் முதலில் வந்தார்கள் என்ற ஆராய்ச்சி எங்கள் துறைக்கு உரியது. எங்களிடமே அதை விட்டுவிடுங்கள் என்று அரசியல் தலைவர்களை நான் வேண்டிக்கொள்வேன்.

காலமும் வேண்டும். 1992 ஜூனில்தான், வழக்கு முடிந்தது என்று ஆஸ்திரியா அறிவித்தது. 1919-இலிருந்து எண்ணினால் 73 ஆண்டுகள். 1998 ஏப்ரலில் பிரென்னர் கணவாயின் எல்லைத் தடைகள் அகற்றப்பட்டன. எந்தக் கோட்டுக்காக ஒரு தலைமுறையே அலைக்கழிந்ததோ, அந்தக் கோட்டை இன்று வண்டிகள் நிற்காமல் கடந்து போகின்றன.

9. கடைசியாக ஒரு தூணைப் பற்றிச் சொல்லி விடைபெறுகிறேன். போல்ட்சானோ நகரின் நடுவே, 1928-இல் முசோலினியின் ஆட்சி எழுப்பிய வெற்றி வளைவு ஒன்று இருக்கிறது. இங்கிருந்தே நாங்கள் பிறருக்கு மொழியும் சட்டமும் கலையும் கற்பித்தோம் என்னும் கருத்தமைந்த வாசகம் அதன் நெற்றியில் இலத்தீன் மொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மன் மொழியினருக்கு அது ஆறாத புண். இடிக்கவேண்டும் என்று பலர் கேட்டார்கள். 2001-இல் நகரசபை அந்தச் சதுக்கத்திற்கு அமைதிச் சதுக்கம் என்று பெயரிட்டது. இத்தாலியர் பெரும்பான்மையாக உள்ள அந்நகரில், 2002-இல், பொதுவாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோர் பழைய பெயரையே கேட்டார்கள். மறுபடியும் அது வெற்றிச் சதுக்கம் ஆயிற்று. கலகம் எதுவும் நடக்கவில்லை. நகரசபையும் மாகாணமும் ரோமாபுரி அரசாங்கமும், இரு மொழிச் சரித்திர ஆசிரியர்களும் கூடிப் பேசினார்கள். 2014-இல் அந்த வளைவை இடிக்காமலும் போற்றாமலும், அதன் அடியிலுள்ள நிலவறைகளில், 1918 முதல் 1945 வரை அந்த ஊரில் நடந்தவற்றை ஒளிக்காமல் சொல்லும் ஒரு காட்சிச்சாலையைத் திறந்தார்கள். தூண்களுள் ஒன்றைச் சுற்றி மின்னெழுத்துகள் ஓடும் ஒரு வளையம் மாட்டியிருக்கிறது. அது அந்தக் காட்சிச்சாலையின் பெயரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே சென்று பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.